பதினாறு விநாடி சாக்ஸபோன்

சாக்ஸபோன் வாசிக்கிறேன் என்று நம்மவர்களிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி, "டூயட் படத்துல வருமே, அது வாசிப்பீங்களா?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 1994-ல் வந்த அந்தப் படத்தில் வாசித்த கதிரி கோபால்நாத்தான் இந்தக் கருவியை நம் வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தவர். "இல்லீங்க, நான் வாசிக்கிறது ராக் அண்ட் ரோல்" என்றதும் முகம் லேசாக மாறும். "இந்த வயசுலயா?" என்பது அடுத்தது. அதற்கும் நாம் அசரவில்லை என்றால், "வாசிக்கிறதுதான் வாசிக்கிறீங்க, நம்ம சங்கீதமா வாசிக்கலாமே சார்" என்று அக்கறையாக ஒரு யோசனை வரும்.

ஏறக்குறைய 30 வருஷம் தொடாமல் இருந்துவிட்டு, 2021-லிருந்து மறுபடி வாசிக்கிறேன். வயது 57. கொல்கத்தாவில் மட்டுமல்ல, புனே, பெங்களூர், டில்லி என்று வேலைக்காகப் போய்த் தங்கிவிட்ட நம் ஜனங்கள் பலர் வீட்டுப் பரணில் ஒரு கிட்டாரோ மிருதங்கமோ மாண்டலினோ தூங்குகிறது. "மறுபடி எடுக்கலாமா, கை வருமா?" என்று கேட்கிறார்கள். என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். எடுங்கள். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதற்காக எடுக்காதீர்கள். நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க வழி பார்த்துக்கொண்டு எடுங்கள். மற்ற கருவிகளுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அந்தந்தக் கருவிக்காரர்கள் சொல்லட்டும். ராக் அண்ட் ரோல் சாக்ஸபோனுக்கு இதைவிட்டால் வேறு வழியே கிடையாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ராக் அண்ட் ரோல் என்றதும் நமக்குக் கிட்டார்தான் ஞாபகம் வரும். ஆரம்பத்தில் கதை வேறு. 1950களின் முதல் பாதியில் பாட்டுக்கு நடுவே எழுந்து நின்று பேசுகிற கருவி டெனர் சாக்ஸபோன்தான். 1951-ல் வந்த 'ராக்கெட் 88' இசைத்தட்டை முதல் ராக் அண்ட் ரோல் தட்டு என்று சொல்பவர்கள் உண்டு; அதைப் பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனே ஒரு சாக்ஸபோன்காரர். 1955-ல் நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மட்டாஸாவின் ஸ்டுடியோவில் லிட்டில் ரிச்சர்ட் தொண்டை கிழியப் பாடிய 'டூட்டி ஃப்ரூட்டி'யில் நடுவில் வரும் வாசிப்பு லீ ஆலனுடையது. ஃபேட்ஸ் டாமினோவுக்கு ஹெர்ப் ஹார்டஸ்டி, பில் ஹேலிக்கு ரூடி பொம்பில்லி, கோஸ்டர்ஸ் குழுவின் 1958 பாட்டான 'யாக்கட்டி யாக்'குக்கு கிங் கர்ட்டிஸ். 1960களில் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு கிட்டார்காரர்கள் முன்னால் வந்தார்கள், சாக்ஸபோன் பின்வரிசைக்குப் போனது.

இந்த இசையில் சாக்ஸபோன்காரனுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டின் சட்டகம் 12 பார். ஒரு பாருக்கு 4 தட்டு, ஆக 48 தட்டு. ஜைவ் ஆட ஏற்ற வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு என்று வைத்துக்கொண்டால் 48 தட்டு முடிய 16 விநாடி. அவ்வளவுதான் உங்கள் சோலோ. பாடகருக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் உள்ளே பாய்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர் திரும்ப வாய் திறப்பதற்குள் வெளியேறிவிட வேண்டும். மீதி நேரமெல்லாம் பின்னால் நின்று இரண்டு மூன்று சுரத்தில் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருப்பதுதான் வேலை. ராகத்தை விரித்து ஒரு மணி நேரம் ஆலாபனை செய்யும் சமாசாரமே இல்லை. தனியாக உட்கார்ந்து அந்த 16 விநாடியை ஊதினால் என்ன ஆகும்? வீட்டில் இருப்பவர்கள் குக்கர் விசில் என்று நினைப்பார்கள். பின்னால் டிரம்ஸும் பியானோவும் இருந்து, முன்னால் யாராவது ஆடிக்கொண்டிருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

நான் கற்றுக்கொண்ட இடமும் அப்படிப்பட்டது. எங்கள் ஊர் திருச்சி பொன்மலை. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் கடைசியில் அங்கே வந்தது. அதோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. 1980களின் நடுவில், நான் வாசிக்க ஆரம்பித்தபோது, அவர்களில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் கல்யாணத்திலும் கிறிஸ்துமஸ் நடனத்திலும் ஜைவ் ஆடியே ஆகவேண்டும். ஜைவுக்கு 1950களின் பாட்டைவிட்டால் நாதியில்லை. 'இருபது வயசுப் பையன் முப்பது வருஷம் பழைய பாட்டை ஏன் வாசித்தான்' என்றால் காரணம் இதுதான். எங்கள் தெருவில் இருந்த மெயில் டிரைவர் ஒருவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம், சொல்லிக்கொடுத்தார். பெர்த் நகருக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோது தன் டெனரை என்னிடம் விட்டுப் போனார். அப்புறம் எனக்கும் வேலை, வடக்கே மாற்றல், கல்யாணம், குழந்தைகள். எல்லோருக்கும் நடப்பதுதான். விட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வாசிக்காத அந்த முப்பது வருஷமும் நன்றாகத்தான் போனது.

திரும்பி வந்தவர்கள் என்று தேடினால் எனக்குப் பிடித்த உதாரணம் பிக் ஜே மெக்நீலி. 1927-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1949-ல் அவருடைய 'டீகன்ஸ் ஹாப்' அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மேடையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஊதுவார். 1951-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் அரங்கில் பாப் வில்லோபி எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. மெக்நீலி தரையில் கிடந்து ஊதுகிறார், மேடை விளிம்பில் வெள்ளைக்காரப் பையன்கள் சாமி வந்தவர்கள் மாதிரி கத்திக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு ஆட்டம் போட்ட மனிதர், 1970களின் தொடக்கத்தில் இசையை விட்டுவிட்டுத் தபால்காரர் வேலைக்குப் போய்விட்டார். தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தார். 1980களில் பழைய இசைக்கு மறுபடி ஆள் சேர்ந்தபோது தபால் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறியவர், 2018-ல் தன் 91-வது வயதில் காலமானார்.

லீ ஆலனும் அப்படித்தான். 1950களில் நியூ ஆர்லியன்ஸில் அவர் வாசிக்காத ஹிட் பாட்டு குறைவு. அவரை 1980களில் தங்களோடு சேர்த்துக்கொண்டவர்கள் 'தி பிளாஸ்டர்ஸ்' என்ற கலிஃபோர்னியா இளைஞர்கள். அவர்களுக்கு அவர் அப்பா வயது. இந்த இரண்டு பேருமே திரும்பி வருவதற்குக் கூப்பிட ஆள் இருந்தது, சேர்ந்து வாசிக்கக் கூட்டம் இருந்தது. அது இல்லாமல் லீ ஆலன் வீட்டில் உட்கார்ந்து 'டூட்டி ஃப்ரூட்டி' ஊதிக்கொண்டிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, முப்பது வருஷம் கழித்து எடுத்தால் உடம்பு என்ன சொல்கிறது? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் விரலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். விரலைப் பற்றிக் கவலையே வேண்டாம். சைக்கிள் ஓட்டுகிற மாதிரிதான். பெட்டியைத் திறந்த அன்றே என் விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் கிட்டத்தட்ட ஒரே விரல்தான், இடது கட்டைவிரல் சாவி மட்டும் வித்தியாசம் என்பதால் மறக்கவும் அதிகம் இல்லை.

மறப்பது உதடு. ரீடையும் மவுத்பீஸையும் சுற்றி வாயைக் காற்றுப் போகாமல் இறுக்கிப் பிடிக்கும் தசைகள் இருக்கின்றனவே, அவை முப்பது வருஷத்தில் காப்பி குடிக்கவும் மீட்டிங்கில் பேசவும் மட்டுமே பழகியிருக்கும். பத்தாவது நிமிஷம் வாயின் இரண்டு ஓரத்திலும் காற்று புஸ்ஸென்று கசியும். வீம்பு பண்ணாமல் பெட்டியை மூடிவிட வேண்டும். மறுநாள் பன்னிரண்டு நிமிஷம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கு ரீட். அதில் கனத்துக்கு ஏற்றபடி எண் உண்டு. வாலிபத்தில் 3-ம் எண் வைத்து ஊதியவன் என்பதற்காக 3-லேயே ஆரம்பிக்கக் கூடாது, 2-ல் ஆரம்பித்தேன். இரண்டரைக்கு வர எட்டு மாதம் ஆனது, அங்கேயே நிற்கிறது. மேல் வரிசைப் பல் மவுத்பீஸின் மேல் பதிய வேண்டும் என்பதால் பல் கட்டியிருப்பவர்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், கண்ணில் அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊதுவது நல்லது. பெருமைக்காக மேல் சுரத்தில் தம் பிடிக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

மூச்சு வேறு கதை. ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிக்கச் சொன்னால் முதல் வாரம் எனக்கு 9 விநாடி வந்தது. இப்போது 20-ஐத் தொடுகிறது. சோலோவே 16 விநாடிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாகத் திரும்புவது உறுமல். ஊதும்போதே தொண்டைக்குள் ஒரு சுரத்தை முனகினால், இரண்டு சத்தமும் மோதி ஒரு கரகரப்பு வரும். ராக் அண்ட் ரோல் சாக்ஸபோன் என்றால் அந்தக் கரகரப்புதான். கிளாஸிக்கல் வாத்தியார்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். விரலுக்கும் உதட்டுக்கும் பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. இதற்கு வெட்கத்தை விட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் அலுவலகத்தில் நயமாகப் பேசிப் பழகியவனுக்கு இதைவிடக் கஷ்டமான பயிற்சி எதுவும் இல்லை.

கருவியும் நம்மைப் போலவே மூப்படைந்திருக்கும். பித்தளையில் செய்ததாக இருந்தாலும் இதன் உயிர் துளைகளை மூடும் தோல் பேடுகளில்தான். பரணில் கிடந்து அவை காய்ந்து விறைத்துவிடும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், கார்க் பொடிப்பொடியாக உதிரும். உள்ளே ஒரு சின்ன பல்பை விட்டு, சாவியை மூடி, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். என்னுடையது சல்லடை. கொல்கத்தாவில் மகாத்மா காந்தி சாலையில், காலேஜ் தெரு முனைக்கு அருகே, கல்யாண பேண்டு பார்ட்டிகளின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜரிகைச் சட்டையும் ட்ரம்பெட்டும் தொங்கும். அங்கே விசாரித்துப் போய்ச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர் என் டெனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமாப் பட்டினி போட்டீங்க?" என்று இந்தியில் கேட்டார். இரண்டு வாரத்தில் எல்லா பேடும் மாற்றிக் கொடுத்தார். பெரிய ஷோரூமில் "இது தேறாது, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் ஊரிலும் பேண்டு பார்ட்டிக்காரர்களைக் கேட்காமல் பழைய வாத்தியத்தைக் கழித்துக்கட்டாதீர்கள்.

அப்புறம் அக்கம்பக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாக்ஸபோன் வைத்திருப்பதும் யானை வளர்ப்பதும் ஒன்று. ட்ரம்பெட் என்றால் வாயில் ஒரு அடைப்பைச் செருகிச் சத்தத்தைக் குறைக்கலாம். இதில் சத்தம் அடிவாய் வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் ஒவ்வொரு துளையிலும் வருகிறது, எதை அடைப்பது? துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்து ஊதிப் பார்த்தேன். "என்னங்க, என் பட்டுப்புடவை எல்லாம் எச்சிலாகுது" என்று வீட்டம்மா அதற்குத் தடை போட்டுவிட்டார். இப்போது காலையில் காரை ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து வெறும் நீள்சுரம் பழகுகிறேன். நடைப்பயிற்சிக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

இந்தச் சங்கடத்தினாலேயே பலர் ஹெட்ஃபோன் பக்கம் போய்விடுகிறார்கள். யூட்யூபில் சாக்ஸபோன் இல்லாத 'மைனஸ் ஒன்' டிராக் ஏராளம். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் மேல் வாசித்து, கைபேசியில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போட, சித்தி முதல் ஒன்றுவிட்ட மாப்பிள்ளை வரை கைகூப்பு பொம்மை அனுப்புகிறார்கள். பயிற்சிக்கு இது உதவும், நானும் செய்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிடுபவர்களோடுதான் எனக்குச் சண்டை. டிராக் உங்களைக் கேட்பதில்லை. நீங்கள் தடுக்கினால் நிற்காது, மூச்சு முட்டினால் தெரியாது, நன்றாக வாசித்தால் இன்னொரு 12 பார் கொடுக்கவும் கொடுக்காது. போன மாதம் ஒரு சோலோவில் எனக்கு எட்டாவது பாரிலேயே காற்றுத் தீர்ந்தது. டிரம்ஸ்காரர் என் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒரு உருட்டு உருட்டினார், பியானோ அம்மாள் மீதி நாலு பாரையும் வாங்கிக்கொண்டார். கேட்டவர்களுக்கு முன்கூட்டியே திட்டம் போட்ட மாதிரி இருந்தது. இதற்காகத்தானே ஐயா கருவியை இறக்கினோம்?

எங்கள் கூட்டம் ஞாயிறு மாலை 4 மணிக்கு, ரிப்பன் தெருப் பக்கம் பியானோ அம்மாள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கூடுகிறது. அவருக்கு 70 ஆகிறது. கிட்டார் வங்கியில் ஓய்வு பெற்ற வங்காளி, பேஸ் வாசிப்பது மிசோரம் கல்லூரி மாணவன். முதல் இரண்டு மாதம் கிட்டார்காரரோடு எனக்குத் தகராறு. கிட்டாருக்குத் தோதான சுருதி ஈ, ஏ. டெனர் சாக்ஸபோன் எழுத்தில் ஒரு முழு சுரம் தள்ளி நிற்கும் கருவி. அவர் ஈ என்றால் எனக்கு அது ஆறு ஷார்ப், ஏ என்றால் ஐந்து ஷார்ப். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பியானோவை வைத்து எஃப், பி ஃப்ளாட் என்று சாக்ஸபோனுக்கு இதமான இடத்தில் வாசித்துப் பிழைத்தார்கள். கடைசியில் பியானோ அம்மாள் தீர்ப்புச் சொன்னார். பாதிப் பாட்டு அவர் சுருதியில், பாதி என் சுருதியில். காவிரிப் பங்கீடு இவ்வளவு சுலபமாக முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"நம்ம சங்கீதம்" கேள்விக்கு வருகிறேன். சண்டைக்குச் சொல்லவில்லை. கர்நாடக இசையை ஐம்பது வயதில் சாக்ஸபோனில் ஆரம்பிப்பது அந்த இசைக்குச் செய்யும் மரியாதையா என்று முதலில் யோசிக்க வேண்டும். கதிரி கோபால்நாத் அதற்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்தார். நான் கற்றதைத்தான் நான் தொடர முடியும். அப்புறம், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கி, ரயில்வே காலனி வழியாகப் பொன்மலைக்கு வந்து, மகாத்மா காந்தி சாலை பேண்டுக் கடையில் பழுது பார்த்துக்கொண்ட இசை எந்த ஊர்க்காரருடையது? 1969-ல் இதே கொல்கத்தாவின் பார்க் தெருவில், ட்ரிங்காஸில், சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடிய உஷா அய்யரிடம், அதாவது இன்றைய உஷா உதுப்பிடம், இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கிறார்.

நம் குடும்பங்களில் இசை என்பது பிள்ளைகளுக்கானது. சனிக்கிழமை காலை வயலின் வகுப்பு, கிரேடு பரீட்சை, தமிழ்ச் சங்க மேடையில் ஐந்து நிமிஷம், அப்பா கீழே நின்று வீடியோ எடுப்பார். பெரியவர்கள் வாசித்தால் ஒன்று வித்வானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் "மூளைக்கு நல்லதாம், நுரையீரலுக்கு நல்லதாம்" என்று மருந்துக் கணக்கில் காரணம் சொல்ல வேண்டும். நடுத்தரமாக வாசிக்கும் பெரியவருக்கு நம்மிடம் இடமே இல்லை. ஆங்கிலோ இந்தியர்களிடம் இருந்தது. எங்கள் டிரைவர் அங்கிள் மகா வித்வான் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இரவு இன்ஸ்டிட்யூட்டில் நாலு பேர் ஆட வாசித்தார், திங்கட்கிழமை வண்டி ஓட்டினார். யாரும் அவரிடம் ஏன் என்று கேட்டதில்லை. போன பொங்கல் விழாவில் எங்கள் ஐந்து பேருக்கும் பத்து நிமிஷம் ஒதுக்கினார்கள். முதல் பாட்டு முடியும் வரை சபை நாற்காலியில் உறைந்து கிடந்தது. இரண்டாவது பாட்டில் காளிகாட் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி, அறுபத்தைந்து இருக்கும், எழுந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். பேத்திக்கு ஒரே வெட்கம். மாமிக்கு இல்லை.

டிரம்ஸ்காரருக்கு வரும் மாதம் கௌஹாத்திக்கு மாற்றல். கொல்கத்தாவில் இருப்பவர்கள், பழைய கை என்றாலும் பரவாயில்லை, வாருங்கள். டிரம்ஸ் அங்கேயே இருக்கிறது, குச்சி மட்டும் கொண்டு வந்தால் போதும். சம்பளம் கிடையாது. டீயும் பியானோ அம்மாள் செய்யும் பிளம் கேக்கும் உண்டு.